ரிவெட் தலையில் ஒரு குழி

வாசகர் கேள்வி – பதில்

என் மேசையில் கிடக்கும் ஒரு தகட்டுத் துண்டைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அக்கா மகன் அமெரிக்காவில் வாங்கி வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய ஹெல்கேட் போர்விமானம் ஒன்றின் மேல்தகட்டிலிருந்து வெட்டிச் சாவிவளையமாக விற்றது. தீப்பெட்டி அளவு, ஒரு ஓரத்தில் வரிசையாக மூன்று ரிவெட், அதாவது தகடுகளை இணைக்க அடிக்கும் ஆணி. எழுதியது அவ்வளவுதான். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தபின், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். முப்பது வருடம் விமானப் பட்டறையில் தகடு வெட்டி ரிவெட் அடித்தவனுக்கு இதைவிட இனிப்பான வேலை கிடைக்குமா?

கேள்வி: தீப்பெட்டி அளவு அலுமினியத்துக்குச் சில பத்து டாலர் கொடுப்பதா? பழைய சாமான்காரர் சிரிப்பார், சார்.

சிரிக்கட்டும். அலுமினியத்துக்காக வாங்கினால் அது நஷ்டம்தான். காசு கொடுப்பது அதோடு வரும் எண்ணுக்கு. அமெரிக்கக் கடற்படை தன் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தது. பீரோ (அலுவலக) நம்பர் என்பார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் விமானம் எந்தப் படைப்பிரிவில் இருந்தது, எங்கே விழுந்தது என்று தேடலாம்.

எண்ணின் அருமைக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். அது போர்விமானம்கூட இல்லை, டான்ட்லெஸ் என்ற குண்டுவீச்சு விமானம். எண் 2106. 1942 ஜூனில் பசிபிக்கில் ஜப்பானோடு நடந்த மிட்வே சண்டைக்குப் போய் 219 ஓட்டைகளோடு திரும்பி வந்தது. பழுது பார்த்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1943-ல் மிச்சிகன் ஏரியில் விழுந்தது. அரை நூற்றாண்டு கழித்துத் தூக்கினார்கள். சேற்றோடு வந்த ஏதோ ஒரு பழைய விமானம் மிட்வேக்குப் போய்வந்ததுதான் என்று தெரிந்தது அந்த எண்ணால். இப்போது ஃப்ளோரிடா மாநிலம் பென்சகோலாவில், கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

எண் இல்லாமல் ஒருவர் ‘இது ஹெல்கேட் துண்டு’ என்று நீட்டினால், பழைய சாமான்காரர் சொல்லும் விலைதான் சரியான விலை.

கேள்வி: சரித்திர விமானத்தை வெட்டிச் சாவிவளையம் செய்வது பாவம் இல்லையா?

முழு விமானத்தை வெட்டினால் பாவம்தான். நடப்பது பெரும்பாலும் அது இல்லை.

ஹெல்கேட் மொத்தம் 12,275 செய்தார்கள். நியூயார்க் மாநிலம் பெத்பேஜில் இருந்த க்ரம்மன் ஆலையிலிருந்து, உச்சகட்டத்தில் ஒரே மாதத்தில் 600-க்கு மேல் வெளியே வந்தன. போர் முடிந்தது. இத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அரிசோனா போன்ற வறண்ட இடங்களில் வரிசையாக நிறுத்தி, அப்புறம் வெட்டி, உலையில் போட்டுக் கட்டியாக்கி விற்றார்கள். நியூஸிலாந்திலும் இதே கதைதான். அந்நாட்டு விமானப்படையின் கோர்சேர் போர்விமானங்கள் ருக்குஹியாவில் குவிக்கப்பட்டு உடைசலுக்குப் போயின. தப்பியவை மிகக் குறைவு.

தப்பியதில் ஒன்றை இன்று மறுபடி பறக்க வைக்க வேண்டுமென்றால், அரித்துப்போன பழைய தகட்டை நம்பி ஆகாயத்தில் ஏற முடியாது. பழையதைக் கழற்றி அச்சாக வைத்துப் புதுத் தகடு வெட்டி மாட்டுவார்கள். கழற்றிய தகடு பட்டறை மூலையில் கிடக்கும். முன்பெல்லாம் குப்பைக்குப் போனது, இப்போது துண்டுகளாகி எண் பொறித்துக்கொண்டு விற்பனைக்கு வருகிறது. விற்ற காசில் ஒரு பங்கு அந்த விமானத்தின் செலவுக்கே போவதும் உண்டு. இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நானே எத்தனையோ நல்ல தகட்டை ஸ்கிராப் பெட்டியில் எறிந்திருக்கிறேன். நினைத்தால் இப்போது கை அரிக்கிறது.

கேள்வி: விக்ராந்த் கப்பல் இரும்பில் மோட்டார் சைக்கிள் செய்தார்களே, அதுபோலத்தானா இதுவும்?

ஒரு வித்தியாசம் உண்டு. 2016-ல் வந்த அந்த பஜாஜ் வண்டியில் கப்பலின் இரும்பு உருக்கிச் சேர்க்கப்பட்டது. உருக்கினால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். வெட்டி எடுத்த தகட்டில் பெயிண்ட் இருக்கும், ரிவெட் இருக்கும், யாரோ ஏறி நின்ற காலணிக் கீறல்கூட இருக்கும். நான் வெட்டுக் கட்சி.

கேள்வி: மிச்சிகன் ஏரியில் இன்னும் விமானங்கள் கிடக்கின்றனவாமே? எடுத்தவர்களுக்கே சொந்தம்தானே? அப்படியென்றால் ஏன் எல்லோரும் எடுக்கவில்லை?

முதலில் அவை அங்கே எப்படிப் போயின என்ற கதையைக் கேளுங்கள், பாதி சிரிப்பாக இருக்கும். 1942-ல் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கப் பழக விமானிகள் ஆயிரக்கணக்கில் காத்திருந்தார்கள். பழக்கக் கப்பல் இல்லை. கடலோரத்தில் ஜெர்மானிய, ஜப்பானிய நீர்மூழ்கிகள். சரி, நீர்மூழ்கி வராத உள்நாட்டு ஏரி எதற்கு இருக்கிறது என்று, பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் சுற்றும் இரண்டு பழைய உல்லாசப் பயணக் கப்பல்களை வாங்கி, மேல்தளத்தைச் சீவி எறிந்துவிட்டு ஓடுதளம் போட்டார்கள். வுல்வரீன், சேபிள் என்று பெயர். நிலக்கரியில் ஓடி, புகை கக்கிக்கொண்டு போகும் விமானந்தாங்கிகள்! கீழே விமானம் நிறுத்தக் கூடமும் கிடையாது, லிஃப்ட்டும் கிடையாது. வேகமும் போதாது, காற்று வீசாத நாளில் விமானத்தை இறக்க முடியாமல் பயிற்சியையே நிறுத்த வேண்டிவந்தது. ஆனால் 17,000-க்கு மேற்பட்ட விமானிகள் இந்த இரண்டிலும்தான் தேறினார்கள். பின்னாளில் அதிபரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் 1943 ஆகஸ்டில் சேபிளில் இறங்கிப் பழகியவர்.

இறங்கத் தெரியாதவர்கள் பழகும் இடம் என்றால் விழத்தானே செய்வார்கள்? நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஏரிக்குள் போயின. பெரும்பாலான விமானிகளை உயிரோடு மீட்டார்கள். விமானங்கள் குளிர்ந்த நன்னீரில் கிடந்ததால் ஆச்சரியமான நிலையில் இருந்தன. உப்புநீராக இருந்தால் கதை வேறு. போர்விமானத் தகட்டில் செம்பு கலந்திருக்கும். பலம் தருவதும் அதுதான், உப்பு பட்டால் அரிப்புக்கு வழி விடுவதும் அதுதான். நாளாவட்டத்தில் தகடு பப்படம் மாதிரி ஏடு ஏடாகப் பிரியும். சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஒரு வைல்ட்கேட் போர்விமானம் நிற்கிறது, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்க்கலாம். அது இந்த ஏரியிலிருந்து வந்ததுதான்.

இனி சொந்தம் பற்றி. எடுத்தவருக்குச் சொந்தம் இல்லை, தம்பி. அமெரிக்கக் கடற்படை ‘விட்டுவிட்டேன்’ என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை, எத்தனை வருடம் தண்ணீருக்கடியில் கிடந்தாலும் விமானம் அதனுடையதே. 2004-ல் இதைத் தனிச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். அனுமதி இல்லாமல் கைவைத்தால் ஒரு மீறலுக்கு ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் என்று அப்போது வைத்தார்கள், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளும் தனிக் கணக்கு. அதே வருடம் ஒரு வழக்கும் ஓடியது. வட கரோலினா சதுப்பு நிலத்தில் 1944-ல் விழுந்து விமானி இறந்துபோன ஒரு கோர்சேரை, மின்னசோட்டா விமான மெக்கானிக் ஒருவர் 1990-ல் துண்டு துண்டாகத் தோண்டி எடுத்துப் பழுதுபார்க்க ஆரம்பித்திருந்தார். அது எங்களுடையது என்று அவர்மீது அரசு வழக்குப் போட்டது. கடைசியில் நாடாளுமன்றம் தலையிட்டுத்தான் விமானம் அவருக்குக் கிடைத்தது.

அதனால் யாராவது ‘மிச்சிகன் ஏரியில் நானே முங்கி எடுத்தது’ என்று பெருமையோடு ஒரு துண்டை விற்றால், வாங்காதீர்கள்.

கேள்வி: அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் ஏமாந்தது உண்டா?

உண்டு, நன்றாக ஏமாந்தேன். பல வருடம் முன்பு ஒரு வியாபாரியிடம் கோர்சேரின் துண்டு என்று ஒன்று வாங்கினேன். சான்றிதழில் அழகாக எழுதியிருந்தது: போர்க்காலத்துக் கோர்சேர், வெளிச்சிறகின் பின்பகுதி. ஒரு வாரம் வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். எட்டாம் நாள் ராத்திரி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். போர்க்காலக் கோர்சேரின் வெளிச்சிறகில், சிறகைத் தாங்கும் முதன்மை உத்தரத்துக்குப் பின்னால் இருந்தது தகடே இல்லை, துணி! துணியை இழுத்துக் கட்டிப் பூச்சு பூசிய சிறகு அது. போருக்குப் பிறகு வந்த மாதிரியில்தான் அங்கே தகடு வந்தது. இல்லாத தகட்டின் துண்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், அதுவும் தகட்டு வேலைக்காரன்.

விளக்கைப் போட்டுப் பின்பக்கம் திருப்பினேன். பெயிண்டுக்கு அடியில் மங்கலாக அச்செழுத்து: 2024. இன்னொரு அடி. அந்தக் கலவை உலோகத்துக்குப் போர்க்காலத்தில் 24எஸ் என்று பெயர். 2024 என்ற நாலு இலக்கப் பெயர் முறை 1954-ல்தான் வந்தது. அதாவது என் ‘போர்க்காலத்’ துண்டு போர் முடிந்து ஒன்பது வருடமாவது கழித்துப் பிறந்தது. பழைய விமானத்துக்கு மாட்டிய புதுத் தகட்டின் மிச்சமாகக்கூட இருக்கலாம். திருப்பி அனுப்பினேன், காசு வரவில்லை.

ஆகவே முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆல்க்ளாட் 24எஸ்-டி என்ற அச்சு தெரிந்தால் மனசு குளிரலாம். ஆல்க்ளாட் என்றால் கலவைத் தகட்டின் இரு முகத்திலும் மெல்லிசாகச் சுத்த அலுமினியம் ஒட்டியது, அரிப்புக்குக் காவல். காந்தம் ஒட்டக்கூடாது, அது குழந்தைக்கும் தெரியும். நிறம்: 1944 மார்ச்சுக்குப் பிறகு வந்த அமெரிக்கக் கடற்படைப் போர்விமானங்களுக்கு உடம்பு முழுக்கப் பளபளக்கும் கருநீலம், சுரண்டிய இடத்தில் அடியில் மஞ்சள்பச்சைப் பிரைமர் (அடிப்பூச்சு) எட்டிப் பார்க்கும். கோர்சேரின் உடல்பகுதித் துண்டில் ரிவெட்டே இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். அங்கே நிறையப் புள்ளிவெல்டிங் உண்டு. அப்புறம், கோர்சேர் 1953 வரை உற்பத்தியில் இருந்தது. கோர்சேர் என்றாலே உலகப்போர் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அங்கேயும் எண்தான் பேசவேண்டும்.

ரிவெட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச விடுங்கள். தலையின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு குழி இருந்தால், அது பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே அடிக்கும் சாதா ரிவெட். குழிக்குப் பதில் மேடாக இரண்டு சிறுகோடு இருந்தால் அது பலமான ஜாதி, அதை அப்படியே அடித்தால் தலை வெடிக்கும். உலையில் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, உடனே அடிக்க வேண்டும். முக்கியதும் மெத்தென்று இருக்கும், நேரம் ஆக ஆகத் தானாகவே இறுகிவிடும். இறுகாமல் தள்ளிப்போட ஒரே வழி குளிரில் வைப்பது. அதனால் அதற்கு ஐஸ்பெட்டி ரிவெட் என்றே பெயர். தானாக இறுகும் இந்தக் குணத்தை ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர் 1906-ல் கண்டுபிடித்தார். அவர் கண்ணில் அது படாமல் போயிருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்கும் விமானம் எதுவுமே இல்லை. என் துண்டில் மூன்று ரிவெட்டுக்கும் குழிதான். சாதா ஜாதி. இந்த அடையாளம் இன்றைய ரிவெட்டிலும் உண்டு, எனவே இதை வைத்து வயதைச் சொல்ல முடியாது. பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: என் துண்டு மங்கலாக இருக்கிறது. பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கலாமா?

ஆக்கினால் கண்ணாடி மிஞ்சும், விமானம் போய்விடும். இன்னொன்று, அந்த மஞ்சள்பச்சைப் பிரைமர் குரோமேட் பூச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் மூக்குக்குள் போகும், புற்றுநோய் தரக்கூடியது. ஈரத்துணியால் துடைத்து, மெல்லிசாக மெழுகு தடவி வையுங்கள். வாயில் எதையும் போடும் வயதில் குழந்தை இருந்தால் உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: ஹெல்கேட் விமானத்தின் மானி ஒன்று விலைக்கு வருகிறது. இருட்டில் ஒளிராது, அதனால் ஆபத்தில்லை என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

அவர் சொல்வது தலைகீழ். அந்தக் காலத்து மானிகளின் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினார்கள். ஒளி தருவது கூடச் சேர்த்த துத்தநாக சல்ஃபைடு. அது சில பத்தாண்டில் களைத்துப்போகும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் வேண்டும். ஒளி செத்தாலும் கதிர்வீச்சு அங்கேயேதான் இருக்கிறது. கண்ணாடி உடைந்ததை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். முழுசாக இருந்தாலும் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நான் தகட்டோடு நிறுத்திக்கொண்டவன்.

கேள்வி: ஜப்பானிய ஜீரோ விமானத் தகட்டில் செய்த கைக்காப்பு என்று ஒன்றைப் பார்த்தேன். உள்பக்கம் நீலப்பச்சையாக மினுக்குகிறது. பிற்காலத்தில் பூசியதா?

அந்த மினுக்கல்தான் நல்ல அறிகுறி, அம்மா. ஜீரோவும் கடற்படைப் போர்விமானமே. ஜப்பானியர்கள் விமானத்தின் உள்பக்கத்துக்கு ஆவோதாகே என்ற ஒளி ஊடுருவும் வண்ண வார்னிஷ் பூசுவார்கள்; உலோகம் அடியில் தெரிய, இளமூங்கில் நிறத்தில் மினுக்கும். பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் விழுந்த ஜீரோவைக் கண்டால் கத்தியோடு ஓடுவார்கள். காப்பு, மோதிரம், கைக்கடிகாரப் பட்டை என்று செய்து பண்டமாற்றும் நடந்தது. இன்றைய சாவிவளையக் கடைகளுக்கு அவர்கள்தான் முன்னோர். ஆனால் காப்பில் எண் இருக்காது. கைமாறி வந்த குடும்பக் கதையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பசிபிக்கில் உள்ள சுக் தீவுக்கு முங்கு நீச்சல் போகிறோம். போரில் மூழ்கிய கப்பலுக்குள் ஜீரோ கிடக்கிறதாம். ஒரு சின்னத் துண்டு…?

கூடாது. ஃபூஜிகாவா மாரு கப்பலின் சரக்கறைக்குள் பிரித்து ஏற்றிய ஜீரோ விமானங்கள் இருப்பது உண்மை. அந்தக் காயலில் எதையும் எடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: போர்க்காலத்தில் இலங்கையின் புத்தளத்தில் யானைகள் விமானத்தை இழுத்தன என்று தாத்தா சொல்வார். நாங்கள் சிரிப்போம். உண்மையா?

தாத்தாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். புத்தளத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. அங்கே கோர்சேரை யானை இழுக்கும் படங்களே உண்டு. ஏறக்குறைய நான்கு டன் எடை, 2,000 குதிரைசக்தி, சேற்றில் சிக்கினால் ஒரு யானை! அந்தக் கோர்சேர்கள் அமெரிக்கா இரவல் கொடுத்தவை. போர் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், அல்லது காசு கட்டவேண்டும், அல்லது அழிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பிரிட்டனிடம் காசு இல்லை. நல்ல நிலையில் இருந்த பல விமானங்களை, ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் உட்பட, கடலில் தள்ளினார்கள். தகட்டு வேலைக்காரன் நெஞ்சு இதைத் தாங்காது, அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி: மகன் பரிசாகக் கொடுத்த துண்டை வீட்டில் வைக்க வேண்டாம், யாரோ செத்த விமானம் என்கிறார் என் மனைவி. என்ன சொல்வது?

அவர் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அது நியாயமான கேள்வி. விற்றவருக்கு எழுதி எண்ணையும் வரலாற்றையும் கேளுங்கள். பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து வரும் தகடு பெரும்பாலும் போரைத் தாண்டி நின்ற விமானத்தினுடையது. பயிற்சியிலோ கிடங்கிலோ காலம் கழித்து, யாரையும் சாகடிக்காமலும் யாரும் உள்ளே சாகாமலும் ஓய்வு பெற்றவையே அதிகம். அப்படித் தெரிந்தால் வீட்டில் சண்டை முடிந்தது.

விமானி இறந்த விமானம் என்று தெரிந்தால் நான் வாங்கமாட்டேன். அந்தப் போரில் காணாமல்போன அமெரிக்கர்கள் மட்டுமே இன்னும் 70,000-க்கு மேல். அவர்களைத் தேடுவதற்கென்றே ஓர் அரசுத் துறை இயங்குகிறது. விழுந்த இடத்தில் கிடக்கும் தகடு அவர்களுக்குத் தடயம்.

கேள்வி: உங்கள் ஹெல்கேட் துண்டை எனக்கு விற்பீர்களா? நல்ல விலை தருகிறேன்.

மாட்டேன். சாவிக்கொத்தில்கூட மாட்டவில்லை, வியர்வை பட்டால் பெயிண்ட் உரியும் என்று மேசையிலேயே வைத்திருக்கிறேன். இந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதும்போது பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். மூன்றாவது ரிவெட்டின் பின்தலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ரிவெட் அடிக்கும்போது பின்னால் அணைத்துப் பிடிக்கும் முட்டுக்கட்டையைச் சரித்துப் பிடித்தால் அப்படி வரும், நானும் ஆரம்பத்தில் நிறையச் செய்தது. என் சூப்பர்வைசர் கண்ணில் பட்டிருந்தால், துளைத்து எடு, மறுபடி அடி என்றிருப்பார். பெத்பேஜில் அன்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. விரலால் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை.